மூன்று தட்டு

கோலார் தங்கவயலில் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு கேஜ்காரருக்குத்தான். இரண்டாம், மூன்றாம் பரிசுகளையும் அவரே வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, மணி அடிப்பவராக இருந்தவர் அவர். தலைகளை எண்ணி மூன்று மணி அடித்தால்தான் கேஜ் நகரும். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். ரயில், ஷேர் ஆட்டோ, லிஃப்ட், எதுவானாலும் எங்களை எண்ணி, "எல்லாம் கீறாங்க!" என்று கத்தி, மூன்று தட்டுத் தட்டுவார். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் எண்ணி முடித்து மேஜையைத் தட்டும்வரை சாம்பார் வாளி காத்து நின்றது. அமரர் ஊர்தியைக்கூட ஒருமுறை தட்டித்தான் அனுப்பினார். உள்ளே படுத்திருந்தவரையும் சேர்த்து எண்ணினாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் தங்கவயலின் ஊரிகத்திலிருந்து தினமும் பெங்களூர் துணி ஃபேக்டரிக்குப் போகும் டெய்லர். நாலு பேர் பார்த்தால் டீயை ஊதிக் குடிக்கவும் கூசுகிறவன். வாட்ச்மேன் வேலைக்குப் போகும் கேஜ்காரருக்கு ரயிலில் எனக்கு எதிர் சீட்டு. என் நேரம்.

போன குளிர்காலத்தில் ரயில் சிநேகிதர் சேகர் எங்கள் இருவரையும் மணாலிப் பக்கம் கூட்டிப் போனார். பனிச்சறுக்கு, மலையேற்றம் எல்லாம் உண்டு என்றார்.

"சைனைட் மேட்டுல தகரம் போட்டுச் சறுக்குனவங்கபா நாம. பனி இன்னா பெரிசு?" என்றார் கேஜ்காரர். சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்து கிடக்கும் மேடு அது.

பனி பெரிசுதான். ரோப் காரில் மேலே போய், அதற்கும் மேல் மூச்சு வாங்க ஏறி, சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கட்டை காஷ்மீர் பக்கம் போனது, இன்னொன்று கோலார் பக்கம். பின்னால் டர்ரென்று சத்தம். வாடகைப் பேன்ட்டின் நடுத்தையல் மேலிருந்து கீழ்வரை விட்டுப்போயிருந்தது. ஒற்றைத் தையல் என்று பார்த்தும் அதைப் போட்டுக்கொண்ட டெய்லர் நான். உள்ளே, குளிருக்கு இதமாக இருக்கும் என்று மகள் கொடுத்தனுப்பிய அவளுடைய லெக்கிங்ஸ். ரோஜா நிறம். முழுக்க முயல் படம்.

டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கூட்டம் இறங்கிய பிறகு கடைசி வண்டியில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவது என் திட்டம். கேஜ்காரரை மறந்துவிட்டேன்.

அவர் ரோப் கார் வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றுவிட்டார். "ஏக் ஆத்மி கம்! ஒரு ஆளு குறையுது! வண்டி போவாது!"

"வுடுண்ணே, அடுத்த வண்டில வருவான்" என்றார் சேகர்.

"ஆள கீழ வுட்டுட்டு கேஜ ஏத்துனதில்ல நானு. மேல வுட்டுட்டு இறக்குவனா? இன்னா பேசற நீ?"

வண்டி ஓட்டுபவர் இந்தியில் திட்டினார். வரிசை வளர்ந்தது. உடனே போயிருந்தால் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். நான் தயங்கத் தயங்க அது தேர்த்திருவிழா ஆகிவிட்டது.

"ஊரிகம் டெய்லரு! எங்கபா கீறே?"

மலையும் ஒருமுறை கேட்டது.

பின்பக்கத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். முயல்கள் என் இரண்டு கைக்குள்ளும் அடங்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். சிரிப்பு சரிவு முழுக்க உருண்டது. அந்தப் பனிக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

கேஜ்காரர் சிரிக்கவில்லை. ஓடிவந்து என் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டார். நான் முன்னோக்கியும் அவர் பின்னோக்கியும் நடந்து வண்டியில் ஏறினோம். எண்ணினார். "எல்லாம் கீறாங்க!" மூன்று தட்டு. வண்டி இறங்கியது. கீழே வரும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

சேகர் புண்ணியத்தில் முயல் கதை ரயில் பெட்டி முழுக்கப் பரவியது. தினமும் அவர் தட்டும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சென்ற வாரம் ஒரு நாள் ரயில் தட்டில்லாமல் நகர்ந்தது. எதிர் சீட்டு காலி. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த நிறுத்தமான கோரமண்டலில் இறங்கி, ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குத் திரும்பினேன். சாதாரணக் காய்ச்சல்தான். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"இன்னா டெய்லரு, வேலைக்குப் போவல?"

சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"ஒரு ஆளு குறையுதுண்ணே" என்றேன்.