குடைக் காக்கா டோஸ்டர் பார்க்கப் போனது

மழையில் நனைகிற மனிதர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். கக்கத்தில் நல்ல குடை ஒன்றை வைத்துக்கொண்டு, அது நனையக்கூடாது என்று தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, வெறும் மேலோடு நனைந்துகொண்டு போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இலங்கையின் கிழக்கே கல்முனைக் கடைத்தெருவில் குடை திருத்திக்கொண்டிருந்த குடைக் காக்கா. காக்கா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன்.

"காக்கா, குடைய விரிச்சா என்ன?" என்று கேட்பேன்.

"விரிச்சா நனையும்."

"நனையிறதுக்குத்தானே காக்கா குடை?"

"உன்ட சட்டையும் அழுக்காகத்தான் போகுது. அதுக்காக இப்பவே சேத்துல போட்டு பிரட்டுறியா?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருக்கமாட்டேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நாவிதன்வெளிப் பக்கம் அறுவடை முடிந்து வேலை இல்லாமல் போனதும் கல்முனைக்கு நடந்து வந்து, மழைக்கு ஒதுங்கிய இடம் அவருடைய கடை. ஒதுங்கியவன் அங்கேயே தங்கிவிட்டேன். பகலில் கம்பி நிமிர்த்துவேன். இரவில் கடையின் வாங்குப் பலகையில் படுப்பேன். கூரை ஒழுகினால் யாராவது திருத்தக் கொடுத்த குடையை விரித்து அதன் கீழ் சுருண்டுகொள்வேன். காக்காவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கூரையைவிட்டு என்னைத்தான் கழற்றியிருப்பார்.

ஒரு சாமான் வாங்குவதென்றால் அவருக்குப் பெண் பார்ப்பது மாதிரி. ஒரு கேத்தல் வாங்க ஒரு மாசம் அலைந்தார். தட்டிப் பார்ப்பார், மூக்கைத் தடவிப் பார்ப்பார், "இது கோவக்காரக் கேத்தல், கொதிச்சா மூடிய எறியும்" என்பார். கடைசியில் வேறொன்றை வாங்கினார். வாங்காமல் விட்டதையும் மறக்கவில்லை. பிறகொரு நாள் அந்தக் கடைக்குப் போய், "இன்னும் இது போகல்லியா? பாவம்" என்று கவலைப்பட்டுவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு டோஸ்டர் அவசரமாகத் தேவைப்பட்டது.

அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுடையது. காக்காவும் தன் காணியிலேயே, தன் வீட்டுக்குப் பின்னால், ஒரே மகள் ஸல்மாவுக்கு ஒரு வீடு கட்டினார். ஹோலைப் பெரிதாகக் கட்டினார், அறையைப் பெரிதாகக் கட்டினார், பிறகு மிச்சம் இருந்த நிலத்தைப் பார்த்துத் தாடியைச் சொறிந்தார். அந்த மிச்சம்தான் குசினி, அதாவது சமையலறை. கோழி ஒன்று உள்ளே நுழைந்தால் ஸல்மா வெளியே வரவேண்டும். கோழி போன பிறகுதான் திரும்ப உள்ளே போகலாம்.

மருமகன் அரசாங்கக் கந்தோரில் எழுதுகிற கிளாக்கர். பக்கத்து ஊர் சாய்ந்தமருதுப் பிள்ளை, கொழும்பில் சில காலம் இருந்தவர், அதிகம் கதைக்கமாட்டார். கலியாணம் முடிந்த முதல் கிழமை அவருக்குக் காலையில் வைத்த சாப்பாட்டைப் பார்த்தால் ஒரு படகோட்டிகள் கூட்டமே பசியாறலாம்: பிட்டு, இடியப்பம், பொரித்த மீன், முட்டை, எருமைத் தயிர், வாழைப்பழம். காக்கா எதிரே சப்பணம் கட்டிக்கொண்டு இருப்பார். திரைக்குப் பின்னால் மாமியார் நிற்பார், அவருக்குப் பின்னால் அவருடைய தங்கச்சிமார் நிற்பார்கள். மாப்பிள்ளை பிட்டில் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "போதும் மாமா, கொஞ்சம் நடந்துட்டு வாறன்" என்று எழும்பிவிடுவார்.

எங்கே நடக்கிறார் என்பதைச் சைக்கிளில் மீன் விற்கிறவன் ஒருநாள் கடை வாசலில் நிறுத்திச் சொன்னான்.

"காக்கா, உங்கட மருமகன் அவர்ட உம்மா வீட்டு முத்தத்துல இரிக்காரு. பாண் சுட்டுக் குடுக்காங்க. நல்லா ரசிச்சுத் திங்காரு."

பாண் என்றால் வெறும் பேக்கரி ரொட்டி. காக்காவின் கையில் இருந்த ஊசி துணிக்குள் பாதி போனபடியே நின்றுவிட்டது.

புது மாப்பிள்ளை தாய் வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டால் தெரு முதலில், பெண் வீட்டில் கவனிப்பு இல்லை என்று சொல்லும். பிறகு, மாப்பிள்ளைக்கு மனம் ஒட்டவில்லை என்று சொல்லும். அதற்குப் பிறகு சொல்வதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அன்று பின்னேரம் நான் தண்ணீர் கேட்டுப் போனபோது ஸல்மா கழுவின குடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"சுட்ட பாணுதானே?" என்றார் காக்கா. "சுடுற சாமான வாங்கினா முடிஞ்சுது. ஆனா குசினிக்குள்ள கொள்ளணும். வா தம்பி."

கடைத்தெருவின் பெரிய சாமான் கடைக்குப் போனோம். முதலாளி முதலில் பளபளவென்று ஒரு மின்சார டோஸ்டரை எடுத்து வைத்தார். சின்னப் பெட்டி, இரண்டு துண்டு பாண் போடலாம். காக்காவுக்கு அதன் அளவு பிடித்துவிட்டது. பின்னால் தொங்கிய வயரை வால் மாதிரிப் பிடித்துப் பார்த்தார்.

"இத எங்க கொழுவுற?"

"கரண்டுல காக்கா."

"எங்கட தெருவுல கரண்ட் இல்லியே."

"மேக்க ஆத்த மறிச்சுக் கரண்டுக்கு அணை கட்டிட்டாங்கதானே. இன்ஷா அல்லாஹ், சுறுக்கா வந்துரும்."

"அதுவரைக்கும் மருமகன் நோன்பா இருக்கிறயா?"

அடுத்தது தகரத்தில் செய்த கூம்பு. அடுப்பின் மேல் வைத்து நாலு பக்கமும் பாணைச் சாய்த்துவிட வேண்டும். மூன்றாவது கம்பியில் செய்த கிடுக்கி. பாணை நடுவில் வைத்துக் கவ்வி, நீளமான பிடியைப் பிடித்துத் தணலில் காட்டவேண்டும். காக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து, கடை விறாந்தையில் குந்தி, மகளுடைய குசினியை அதே அளவில் தரையில் கீறினார்.

"தம்பி, உள்ள போ. இப்ப நீதான் ஸல்மா. குந்து."

குந்தினேன். கடைத்தெரு கூடிவிட்டது. சவளக்கடையிலிருந்து நெல் ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணிக்குடம் எங்க காக்கா?"

"நல்ல கேள்வி. அந்த மூலையில நீங்க இருங்க."

அவர் குடமாக இருந்தார். பழக்கடைப் பெடியன் அம்மியாகப் படுத்தான். முதலாளியே விறகுக் கட்டாக நிற்கவேண்டி வந்தது. என் கையில் கிடுக்கியைத் தந்து, "சுடு" என்றார் காக்கா. சுட்டேன். பிடியின் நுனி கரிக்கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது.

"பாத்தீங்களா? அடுப்பு உள்ள, புடி முத்தத்துல. புள்ள வெளிய நிண்டுதான் சுடணும்."

கூம்பை வைத்துப் பார்த்தோம். வைக்க இடம் இருந்தது, ஆனால் குடம் எழும்ப வேண்டியிருந்தது. "நான் எழும்பினாத் தண்ணிக்கு எங்க போவா?" என்று வண்டிக்காரர் நியாயம் கேட்டார். காக்கா கரிக்கோட்டைக் காலால் அழித்தார். பிறகு எல்லாருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் நடந்தார். முதலாளி விறகாகவே நின்றுகொண்டிருந்தார்.

கடைக்கு வந்ததும் மூலையில் கிடந்த ஒரு பெரிய பழைய குடையை எடுத்து அதன் துணியை உரித்தார்.

"தம்பி, இந்த உலகத்துல மடிச்சா ஒண்டுமில்லாமப் போற சாமான் எது?"

"குடை."

"விரிச்சா?"

"குடை."

"விளங்கினாச் சரி."

இரண்டு நாள் வேறு வேலை ஒன்றும் நடக்கவில்லை. குடைக் கம்பிகளுக்கு நடுவே மெல்லிய கம்பியைப் பின்னினார். தலைகீழாகப் பிடித்து விரித்தால் அகன்ற தட்டு மாதிரி நிற்கும். எட்டுத் துண்டு பாண் கொள்ளும். மடித்தால் ஒரு தடி, ஆணியில் தொங்கவிடலாம். குசினிச் சுவரில் ஆணியும் அடித்தாயிற்று.

மறுநாள் காலை. மாப்பிள்ளை வழக்கம்போல நடக்கப் போயிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காக்கா குசினிக்குள் போய், பிஸ்மி சொல்லி, டோஸ்டரை விரித்தார். அது விரிந்தது. நாலு சுவரிலும் முட்டிக்கொண்டு பாதியில் நின்றது. அவர் அளந்ததெல்லாம் மடித்த அளவுக்குத்தான்.

"வாப்பா, என்ட முக்காட்டுல கொழுவிட்டுது!" என்றது ஸல்மா உள்ளேயிருந்து.

மகளைக் கழற்றி எடுத்த பிறகு வேலை முற்றத்துக்கு மாறியது. சட்டியில் தணல் போட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குடையைத் தலைகீழாகப் பிடித்து, எட்டுத் துண்டையும் அடுக்கினார். மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று ஓதிக்கொண்டிருந்தார். பாண் மணந்தது. பொன்னிறமாக வந்தது. காக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போதுதான் சூட்டில் குடையின் விசை இளகியது. படக்கென்று அது மடிந்தது. எட்டுத் துண்டும் ஆகாயத்தில் எகிறின. அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்த மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஒரு துண்டு வந்து அடித்தது.



"மருமகன்…" என்றார் காக்கா. "பாண்."

மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஊதினார். ஒரு கடி கடித்தார். "நல்லா முறுகியிரிக்கி மாமா" என்றார். சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கலியாணத்துக்குப் பிறகு ஸல்மா சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் காக்கா கேட்டுவிட்டார்.

"அப்ப ஏன் மருமகன் பாணுக்காக உம்மா வீட்ட போறீங்க? எங்களுக்கிட்டச் சொன்னா என்ன?"

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். "பாணுக்கு இல்ல மாமா. நான் ஒரு வாய் வெச்சா நீங்க என்ட வாயையே பாக்கீங்க. மீன்ல முள்ளு எடுத்தாத் திரை அசையிது. எனக்கு எறங்குதில்ல. அங்க உம்மா பாணத் தந்துட்டுக் கோழிக்குத் தீன் போடப் போயிருவாங்க. என்னை ஒருத்தரும் பாக்கிறல்ல."

"நாங்க பாக்கல்லியே மருமகன்," என்றார் காக்கா மெதுவாக. "கவனிச்சம்."

"தெரியும் மாமா." மாப்பிள்ளை குசினி வாசலில் போய்த் தலையை நீட்டினார். "இதுக்குள்ள எத்தனை பேர் இருக்கலாம்?"

"கஷ்டப்பட்டா ரெண்டு பேர்," என்றது உள்ளிருந்த குரல்.

"அப்ப நான் இஞ்சயே தின்றன்."

கதவுக்குப் பின்னால் மாமியார் பதறிப்போனார். "மாப்பிள்ள குசினிக்குள்ள குந்தித் தின்டா தெரு என்ன சொல்லும்?"

"தெரு வந்து நிக்க அதுக்குள்ள எடமில்ல, போ," என்றார் காக்கா.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இந்தத் தடவை கோழிதான் வெளியே வந்தது. காக்கா விசையைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, புதிதாகப் பாண் வெட்டி அடுக்கினார். சுட்ட துண்டுகளைக் குசினி ஜன்னல் வழியாக நீட்டினார். நீட்டும்போது முகத்தை வேண்டுமென்றே மதில் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே இருவரும் என்னவோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய காது மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

மழை தொடங்கியது. நான் தாவாரத்துக்கு ஓடினேன். "காக்கா, வாங்க!" என்று கத்தினேன். அவர் வரவில்லை. ஒரு கையால் டோஸ்டரைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் கக்கத்தில் இருக்கும் தன் குடையை மறுகையால் எடுத்தார். அதை விரித்தார். பாணுக்கு மேலே பிடித்தார்.

அந்தக் குடையை அவர் விரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அவர் முழுக்க நனைந்தார். பாண் நனையவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊருக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் மழையில் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாராவது நனைந்து போனால், முகத்தைப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.