பதினாலாம் பக்கம் வரை ஒரு துருவப் பயணம்

உபதேசம் செய்கிறவர்களில் படித்துவிட்டுச் செய்கிறவரையும் படிக்காமலே செய்கிறவரையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். பாதி படித்துவிட்டுச் செய்கிறாரே, அவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். பார்த்ததில்லையா? ஓசூர் சிப்காட்டுக்கு வாருங்கள். பைக்குக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் உற்பத்தி மேலாளர் ரத்தினவேல் இருக்கிறார்.

நல்ல மனிதர். விருதுநகர்ப் பக்கம். காலை ஷிஃப்ட் தொடங்குமுன் கழுகைப் பற்றியோ எறும்பைப் பற்றியோ நாலு வார்த்தை பேசாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே விடியாது. கழுகும் எறும்பும் தீர்ந்துபோன ஒரு நாள், மூன்றாம் வகுப்பு மகள் சௌமியா பள்ளிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய படப்புத்தகம் கையில் சிக்கியது. ஹால்வர் என்றொரு தென்துருவப் பயணியின் வாழ்க்கை. பக்கத்துக்கு நாலு வரி, மீதியெல்லாம் பனி. இட்லியோடு பதினாலாம் பக்கம் வரை வந்தார். கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மேற்கொண்டு படித்தாரா? எதற்கு? பேச விஷயம் கிடைத்துவிட்டதே!

"மைனஸ் நாப்பது டிகிரி. மீசையெல்லாம் ஐஸ். ஹால்வர் திரும்பினாரா?"

"இல்லீங்க சார்" என்றார்கள், கொதிக்கும் மோல்டிங் மெஷின்களுக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்தவர்கள். ஃபேன் ஓடவில்லை என்று அவரிடம் முறையிடப் போன தொழிலாளி கரியப்பனுக்கும் அதே கேள்விதான் பதிலாகக் கிடைத்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மெஷின் ஆபரேட்டர் மாதேஸ்வரி வந்தாள்.

"சார், கொழந்தைக்கு ஜொரம் ஏறிக்கிட்டே போவுதாம். கெலமங்கலம் அங்கன்வாடியிலேர்ந்து போன் வந்துச்சு. அரை நாள் லீவு வேணுங்க."

"இன்னும் நானூறு பீஸ் பாக்கி இருக்கும்மா. ஹால்வர் மட்டும்…"

"அவருக்குக் கெலமங்கலத்துல கொழந்தை இருந்துச்சாங்க சார்?"

மெஷின் சத்தத்தையும் மீறி யாரோ சிரித்தார்கள். மாதேஸ்வரி பதிலுக்கு நிற்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போய் பஸ் ஏறிவிட்டாள். ரத்தினவேலுக்குக் காது சிவந்தது. அனுமதியின்றி வெளியேறியதாக மெமோ டைப் ஆனது.

சாயங்காலம் சௌமியா அப்பாவின் பையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, கடைசிப் பக்கங்களை உரக்க வாசித்தாள். துருவத்துக்கு மூன்றே நாள் பயணம் பாக்கி. கூட வந்தவனின் கால் உறைந்துபோகிறது. ஹால்வர் அவனைச் சறுக்குவண்டியில் கிடத்தி, இழுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். அட்டையிலேயே அந்தப் படம்தான். அவர் போகிறார் என்று ரத்தினவேல் நினைத்திருந்தார். வருகிறாராம்!

"திரும்பிட்டாரா?"

"ஆமாப்பா. அதுக்குத்தானே அவரைப் பத்தி புக்கே போட்டிருக்காங்க!"

ரத்தினவேல் காலையில் முதல் வேலையாக மாதேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தார். மெய்யாகவே முடிவு செய்தார்.

ஆனால் அறுபது முகங்களை ஒருசேரப் பார்த்ததும் வாய் பழைய தடத்திலேயே ஓடிவிட்டது.

"இத்தனை நாளா உங்களை டெஸ்ட் பண்ணேன்! திரும்பி வர்றதுதான் உண்மையான தைரியம். அது புரிஞ்சது மாதேஸ்வரி ஒருத்தருக்குத்தான். கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

"கொழந்தைக்கு ஜொரம் எறங்கிடுச்சுங்க சார்" என்றாள் மாதேஸ்வரி, யாருமே கேட்காத கேள்விக்கு. "அப்ப இந்த மெமோ?"

"அது சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் வீட்டிலோ ஆபீசிலோ ஒரு அப்பாவியை உட்காரவைத்து, யாரோ ஒரு பெரியவரின் வாழ்க்கையிலிருந்து பாடம் நடத்தினீர்களே, அவர் கதையை எதுவரை படித்திருந்தீர்கள்? சும்மா கேட்டேன்.