கன்னம் உப்பினால் கதவு திறக்கும்

கதவு திறக்கவில்லை.

ஸ்டோர் கீப்பர் முகத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். சுவரில் பதித்த தடித்த கறுப்புக் கண்ணாடி. அதன் நடுவே முகம் அளவுக்கு ஒரு வட்டம். மேலே சின்னதாக ஒரு கேமரா. வட்டத்துக்குள் முகத்தைக் காட்டினால் 'டக்' என்று பூட்டு திறக்கும். உதிரிபாகக் கம்பெனியின் முன்வாசலில் எல்லோருக்கும் அதுதான் வழி.

'டக்' வரவில்லை.

பின்னால் வந்த பில்காரர் தோளில் தட்டினார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னய்யா பீப்பாய், மெஷினுக்கு மந்திரம் ஓதுறியா?"

"திறக்க மாட்டேங்குது."

"தள்ளு."

பில்காரர் முகத்தைக் காட்டினார். டக். இருவரும் உள்ளே போனார்கள்.

"பழைய வாட்ச்மேன் வந்துட்டாரு, தெரியுமா?" என்றார் பில்காரர். "பேரப்பிள்ளைகளப் பாத்துக்கறேன்னு லீவு போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஊர்லயே இருந்துட்டாராம்."

"அப்படியா" என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மாடிப்படியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யோவ், மெஷினுக்கு என்னை அடையாளம் தெரியலய்யா!"

"அதுக்கு ஏன்யா பல்லக் காட்டுற?"

காட்டாமல் என்ன செய்வார்? ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தார்.

தினமும் பார்க்கிறவர்கள் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அவர் இளைத்தது கொஞ்சம் கொஞ்சமாக. அவர்கள் அதற்குப் பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டும் சரியாகப் போய்விட்டது. கண்டுபிடித்த ஒன்றிரண்டு பேரும் "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். பீப்பாய் என்ற பெயர் ஒரு கிலோகூட இறங்கவில்லை.

முன்பும் இளைத்திருக்கிறார். ஒருமுறை பட்டினி கிடந்து. இன்னொருமுறை பழச்சாறு மட்டும் குடித்து. இரண்டு முறையும் போன சதை துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இந்த முறை சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஸ்டோரில் அவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உருண்டுபோய் அலமாரிகளுக்கு ஆள் ஏவுவார். அந்த நாற்காலியை பில்காரருக்குத் தூக்கிக் கொடுத்தார். பேரிங் வேண்டுமென்றால் பேரிங் இருக்கும் இடத்துக்கு அவரே நடந்தார். மேசை இழுப்பறையில் பிஸ்கட் இருந்த இடத்தில் போல்ட்டுகளைப் போட்டு வைத்தார். டி.வி.க்கு முன்னால் சாப்பிடுவது நின்றது. பாத்திரத்தில் மீந்ததைக் காலி செய்வது குடும்பத் தலைவரின் கடமை என்று நினைத்திருந்தார். அந்தப் பதவியிலிருந்து விலகினார். மாலையில் பஸ்ஸை விட்டுவிட்டு, லாரிகள் போகும் பின்வாசல் வழியாக வெளியேறி வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்தார்.

ஒருநாள் யாரோ ஓய்வுபெற்றார்கள் என்று கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டார். பழைய ஆளாக இருந்தால், 'கெட்டது கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பாத்துக்கலாம்' என்று மூன்றாவதையும் எடுத்திருப்பார். அந்த 'நாளை' ஒருபோதும் வராது. இப்போதோ கையைக் கழுவினார். வழக்கம்போல நடந்தார். வழக்கம்போலச் சாப்பிட்டார். அவ்வளவுதான். வாழ்நாளில் அவர் செய்த பெரிய காரியம் அது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அன்று மாலை செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொன்னார்.

"இன்னிக்கு மெஷினுக்கு என்னைத் தெரியல!"

"கண்ணாடி அழுக்கா இருக்கும். தொடச்சீங்களா?"

"அழுக்கு இல்ல. நான் மாறிட்டேன்."

"மாறினது நல்லதுதாங்க. யாரு இல்லேன்னா? போன தடவையும் நல்லாத்தானே மாறினீங்க."

அவள் கண் ஒரு விநாடி பரணைத் தொட்டுவிட்டு வந்தது. அங்கே ஒரு பெட்டியில் அவருடைய பழைய பேண்ட்டுகள் இருந்தன.

"அதை யாருக்காவது குடுத்துடேன்."

"இருக்கட்டும்ங்க. மேல கெடக்கறது சோறா கேக்குது?"

அவளும் மெஷினைப் போல ஒருமுறை தன்னை அடையாளம் தெரியாமல் விழித்தால் போதும் என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு முகத்தைக் காட்டினார். திறக்கவில்லை. சீக்கிரம் வந்துவிட்டதால் பின்னால் ஆளும் இல்லை. நின்று நின்று அலுத்து, கன்னம் இரண்டும் உப்ப, தாடையைக் கழுத்தோடு அமுக்கி ஒரு பெருமூச்சை அடக்கினார்.

டக்.

உள்ளே போகாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த நாள் சோதித்தார். சும்மா நின்றார். ஒன்றுமில்லை. கன்னத்தை உப்பினார். டக்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒரு வருஷம் பாடுபட்டு இறக்கி வைத்த பீப்பாயை தினமும் காலையில் ஒருமுறை முகத்தில் ஏற்றினால்தான் வேலைக்குப் போக முடிந்தது.

பார்த்தவர்கள் பல்வலியா என்றார்கள். பேக்கிங் பிரிவில் அவர் பலூன் வியாபாரம் தொடங்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். பில்காரர் மட்டும் நேரே சொன்னார்:

"நாங்க கூப்பிட்டா கோவிச்சுக்கற. இப்பப் பாரு, மெஷினுக்கே நீ பீப்பாய்தான்."

அது சுருக்கென்று தைத்தது. மனைவி சந்தேகப்படலாம். மெஷின் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அதற்கும் ஒரு பரண் இருக்கிறதா?

மேனேஜரிடம் போனார். அந்த அம்மா வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. ஸ்டோர் கீப்பரைச் சுவரோரம் நிறுத்தி நேராக, இடமாக, வலமாகப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் பழைய படத்தை அழித்துப் புதியதைப் போட்டார்.

"முடிஞ்சது சார். இனி உங்க பழைய மூஞ்சிக்கு இங்க வேலை இல்ல."

மறுநாள் ஸ்டோர் கீப்பர் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

ஒன்றுமில்லை.

உப்பினார். டக்.

"அது நடக்காது சார்" என்றார் மேனேஜர். "பழைய படத்த என் கையாலயே அழிச்சேன்."

"உப்பினா திறக்குதே மேடம்."

மேனேஜர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அப்ப உப்பின மூஞ்சியையே பதிஞ்சுட்டா என்ன?"

"அது என் மூஞ்சி இல்ல மேடம்."

"திறக்குதுல்ல?"

"திறக்குது. ஆனா என் மூஞ்சி இல்ல."

மேனேஜர் விடவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, ஊழியர் ஒருவரின் முகம் பதிவோடு பொருந்தவில்லை என்றார். அந்தச் செய்தி மேசை மேசையாக மேலே ஏறியது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, முகம் தெரியாத ஆள் ஒருவன் தினமும் ஸ்டோருக்குள் நுழைகிறான் என்று ஆகியிருந்தது. விசாரிக்க ஒரு அதிகாரி மெக்கானிக்கோடு நேரில் வருவதாகப் பதில் வந்தது.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் மேனேஜர். "நாளைக்கு அவர் முன்னால பேசாம உப்பிடுங்க. கதவு திறந்துடும். எல்லாம் சரியா இருக்குன்னு அனுப்பிடலாம். என் வேலையும் தப்பிக்கும், உங்க வேலையும் தப்பிக்கும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் கொடியில் அவருடைய பழைய பேண்ட்டுகள் வரிசையாகக் காற்றாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இப்போது அவர் இரண்டு பேர் நிற்கலாம்.

"இது என்ன?"

"மடிச்சே கெடந்தா பூச்சி அரிச்சிடும்ங்க. அதான் கொஞ்சம் வெயில் காட்டினேன்."

அவர் கோபப்படவில்லை. கொடிக்குக் கீழே குனிந்து, தாண்டி, உள்ளே போனார். குனியும்போது வயிறு தடுக்கவில்லை என்பதைக் கவனித்தார். சாப்பிட்டார். போதும் என்றபோது எழுந்தார். அதற்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்.

மறுநாள் காலையில் வாசலில் கூட்டம். முன்னால் ஸ்டோர் கீப்பர். பக்கத்தில் மேனேஜர். பின்னால் அதிகாரி, கையில் பையோடு மெக்கானிக், வேடிக்கை பார்க்க பில்காரர்.

ஸ்டோர் கீப்பர் வட்டத்துக்குள் முகத்தைக் காட்டினார். திறக்கவில்லை.

"உப்புங்க சார்" என்று கிசுகிசுத்தார் மேனேஜர்.

"மாட்டேன் மேடம்."

"நேத்து சரின்னீங்களே!"

"அது நேத்து."

"என்ன பிரச்சினை?" என்றார் அதிகாரி.

"உப்ப மாட்டேங்கறார் சார்."

"எதை?"

"கன்னத்த சார்."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவர் எதுக்கு கன்னத்த உப்பணும்?"

"அப்பத்தான் சார் கதவு திறக்கும்."

"யோவ் பீப்பாய்" என்றார் பில்காரர், "வெயிலு மண்டையப் பொளக்குது. ஒரு தடவை உப்பித் தொலையேன். காசா பணமா?"

ஸ்டோர் கீப்பர் திரும்பினார். அவர் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. இப்போதும் உரக்கப் பேசவில்லை.

"சார், இந்த மூஞ்சிய நான் பட்டினி கிடந்து கொண்டு வரல. ஒரு வருஷமா தினமும் கொஞ்சம் கொஞ்சமா வாழ்ந்து கொண்டு வந்திருக்கேன். இது திரும்பிப் போறதுக்கு வந்த மூஞ்சி இல்ல. எல்லாரும் பழைய ஆள் வருவான்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. மெஷினும் காத்துக்கிட்டு இருக்கு. இருக்கட்டும். நான் உப்ப மாட்டேன். வேலை போனாலும் உப்ப மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பில்காரர்கூட.

அதிகாரி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

கேமராவின் மூடி கழன்று வந்தது. உள்ளே இரண்டு பல்லி முட்டை, கொஞ்சம் மண், நுனி அறுந்த ஒரு வயர்.

"இது செத்துப்போன மெஷின் சார்" என்றார் மெக்கானிக். "போயி ரொம்ப நாள் ஆயிருக்கும். இதுக்கு இவரையும் தெரியாது, உங்களையும் தெரியாது."

இப்போது பில்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஒல்லியானதால தெரியலேன்னு சொன்னதெல்லாம்? பல்லிக்கா உன்னைத் தெரியல?"

ஸ்டோர் கீப்பர் முட்டைகளைப் பார்த்தார். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே சாட்சி.

கை தானாக இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் அவரே ஆணியால் குத்திய புதுத் துளை. அதில் முள் சரியாக உட்கார்ந்திருந்தது. வயிறு இருந்த இடத்தில் வயிறு இல்லை. அதைச் சொல்ல ஒரு மெஷின் எதற்கு? நிமிர்ந்து நின்றார். சாட்சி தேவையில்லை என்று தோன்றியது. அநேகமாகத் தேவையில்லை.

"இருங்க" என்றார் அதிகாரி. "மெஷின் செத்துப்போச்சுன்னா, இத்தனை நாளா கதவ யாரு திறந்தது?"

மெக்கானிக் விரலால் பூட்டின் வயரைத் தொடர்ந்தார். அது சுவரைத் துளைத்துக் கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனது. "உள்ள ஏதோ கூண்டு இருக்கு சார். அங்கதான் போகுது."

"அது வாட்ச்மேன் கூண்டு" என்றார் பில்காரர்.

மெக்கானிக் கண்ணாடியைத் தட்டினார்.

டக்.

கதவு திறந்து வாட்ச்மேன் வெளியே வந்தார். பேரப்பிள்ளைகளோடு இருந்து கொஞ்சம் பருத்திருந்தார். அதிகாரியைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"பழைய மேனேஜர் உத்தரவு சார். மெஷின் போனது யாருக்கும் தெரிய வேண்டாம், வட்டத்துல மூஞ்சியப் பாத்து நீயே பட்டன அழுத்துன்னாரு. அவரு போயிட்டாரு. உத்தரவு போகல. நான் லீவுல இருந்தப்ப பதில் ஆளும் அப்படித்தான் பாத்துக்கிட்டான். நம்ம ஆளுங்க மூஞ்சி எனக்கு அத்துப்படி சார். இன்னிவரைக்கும் ஒரு வெளியாள உள்ள விட்டதில்ல."

அதிகாரி ஸ்டோர் கீப்பரைக் காட்டினார். "அப்ப இவர் வந்தா ஏன் திறக்கல?"

வாட்ச்மேன் கிட்டே வந்தார். ஸ்டோர் கீப்பரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் காலையில நம்ம பீப்பாய் சாருக்கு முன்னாடி வந்து வட்டத்துல நிப்பான், அவர் மூஞ்சி தெரிஞ்சதும் காணாமப் போயிடுவான். அந்த ஒல்லிப்பய இவன்தான் சார்!"