பாக்டீரியா அக்காவும் ஒரு பக்கெட் சேறும்

சென்னை மாநகரத்திலேயே கழிவுநீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து, "பாவம், சாப்பிட்டுச்சுங்களோ என்னவோ" என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் எங்கள் பாக்டீரியா அக்காதான்.

அடையாறு பெண்கள் விடுதியில் எனக்கு அடுத்த அறை. பெருங்குடியில் வேலை. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாக்கள் எவ்வளவு தின்னும், எப்படிப் பெருகும், எப்போது சாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது. அவருடைய நிஜப் பெயரைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மெஸ்ஸில் அவர் வந்து உட்கார்ந்தால் மேஜை காலியாகிவிடும். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "இதே சாம்பார் நாளைக்குத் தொட்டிக்கு வரும்போது..." என்று ஆரம்பித்தால் யார்தான் உட்காருவார்கள்? அவரைப் போனில் கூப்பிடுவது கிரெடிட் கார்டு விற்கும் பெண்கள் மட்டும்தான். அவர்களையும் விடமாட்டார். "சாப்டியாம்மா? எந்த ஊரு?" கடைசியில் அந்தப் பெண்ணே, "மேடம், வெச்சுடட்டுமா?" என்று கெஞ்சும். பொங்கலுக்கு விடுதியே ஊருக்குப் போகும். அக்கா மட்டும் இருப்பார். "அதுங்களுக்கு ஏது லீவு?" என்பார்.

ஒரு கோடையில் எங்கள் விடுதித் தொட்டியே நாற ஆரம்பித்தது. வார்டன் ஆசிட்டும் பினாயிலுமாகக் கொட்டினார். நாற்றம் அடுத்த தெருவுக்குக் குடிபோனது. அக்கா லேப்டாப்போடு வந்தார். திரையில் ஒரு கோடு தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது.

"நாத்தத்தைத் தின்னுறதுங்களையே கொன்னுட்டீங்க மேடம்."

"அப்ப நீயே சரி பண்ணு. இல்லேன்னா நீயும் உன் பூச்சிங்களும் ரூமைக் காலி பண்ணுங்க!"

அவர் ஆபீஸ் பராமரிக்கும் ஒரு பெரிய தொட்டியிலிருந்து, பாக்டீரியா நிறைந்த சேற்றை பக்கெட்டில் எடுத்துவந்தோம். துணைக்கு நான். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாக்கா, பக்கெட்டுல மீனா? செத்து எத்தினி நாளாச்சு?"

"எல்லாம் உசுரோடதாண்ணா இருக்கு. பாக்டீரியா. சீக்கிரம் போங்க, அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

"எத்தினி கீது?"

"கோடிக்கணக்குல."

"மூணு பேருக்கு மேல ஏத்துனா போலீஸ் புடிப்பான்க்கா!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சேற்றை ஊற்றினோம், ஆசிட்டை நிறுத்தவைத்தோம். கொஞ்ச நாளில் நாற்றம் ஓய்ந்தது. எல்லாம் தன் பினாயிலின் மகிமை என்று வார்டன் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா மறுக்கவில்லை. தொட்டியோரம் தனியாக நின்று, "பொழச்சுக்கிச்சுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த வருடம் வடக்கே வேலை கிடைத்துக் கிளம்பினார். வழியனுப்ப நான் ஒருத்திதான். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுங்கக்கா" என்றேன்.

"யாருக்கு?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"எனக்குத்தான்க்கா."

கொஞ்ச நேரத்தில் போன் மினுக்கியது: 'மந்தைவெளி வந்தாச்சு.' பிறகு, 'ராயப்பேட்டை வந்தாச்சு.' பிறகு, 'சென்ட்ரல்.' ரயில் ஏறியபின் ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்துகொண்டே இருந்தது.

அன்று ஆபீசில் நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.