மாட்டேனக்காவும் கிழிந்த கால் உறையும்

"கால் உறை இல்லாம செயின்சாவைத் தொட மாட்டேன் சார்."

பூங்காத் துறைக் கண்காணிப்பாளருக்குத் தலைக்கு மேல் ஏறியது கோபம். ராத்திரி அடித்த காற்றில் முறிந்த பெரிய கிளை அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கிவைக்கத் துறை இயக்குநர் வருவதாக இருந்தது. செயின்சா என்கிற அந்தச் சங்கிலி ரம்பத்தை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை எல்லாரும் கூப்பிடுவதே மாட்டேனக்கா என்றுதான்.

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தாள். தொடையிலிருந்து கணுக்கால்வரை மூடும் உறை மட்டும் கிழிந்து தொங்கியது. புதுசு கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

"ஏம்மா, வீட்டுல வெட்டும்போதும் உறை மாட்டிக்கிட்டா வெட்டுற?"

"வீட்டுலயும் இதே ரெண்டு காலுதான் சார். ஆபீஸுக்குன்னு வேற கால் வச்சிருக்கேனா?"

வாட்ச்மேன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் ஒரு கோணிப்பையை எடுத்துவரச் சொன்னார். "இதைச் சுத்திக் கட்டிக்க. வேலை முடிஞ்சுது."

"உறைக்குள்ள இருக்கிற நாரு சங்கிலியில சிக்கி ரம்பத்தை நிறுத்திடும். கோணி நிறுத்துமா? காலோட சேர்ந்து கிழியும்."

"இப்படியே பேசிக்கிட்டிரு. ஊருக்கு வெளிய நாத்துப் பண்ணைக்கு மாத்திடுறேன். தினம் ரெண்டு பஸ் ஏறணும்."

படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மத்தியானம் சோறூட்ட அவள்தான் ஓடவேண்டும். ஆனாலும் அந்தக் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"மாத்துங்க சார். ரெண்டு பஸ் ஏறவும் ரெண்டு காலு வேணுமே."

"தள்ளு. நானே வெட்டுறேன்."

செருப்புக் காலோடு அவர் ரம்பத்தை நோக்கிப் பாய்ந்தார். அவள் முந்திக்கொண்டு எடுத்துக் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் பாக்கெட்டுக்குள் போனது.

"சாவியக் குடு."

"மாட்டேன்."

அவர் பல்லைக் கடித்தார். ஜீப் வந்தது, கயிறு வந்தது. கிளையில் முடிச்சுப் போட்டார்கள்.

"கிளை கதவுக் கம்பியில மாட்டியிருக்கு சார். இழுத்தா கதவுதான் வரும்."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா?"

ஜீப் உறுமியது. கிளை லேசாக நெளிந்து கொடுத்ததோடு சரி. இரும்புக் கதவு தூணோடு பெயர்ந்து, அதில் கட்டியிருந்த 'பாதுகாப்பு வார விழா' பேனரையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து இயக்குநரின் கார் வந்து நின்றது. டிரைவர் மட்டும் இறங்கி, கிளையைத் தாண்டி உள்ளே வந்தார்.

கண்காணிப்பாளர் அவளை நோக்கி விரலை நீட்டினார். "எல்லாம் இவளாலதான். ஐயாகிட்டயே சொல்றேன், இன்னிக்கே இவ சீட்டைக் கிழிக்கிறேன். ஐயா எங்கப்பா?"

"சொல்லுங்க. நானும் அவர்கிட்டயே சொல்றேன்" என்று அவளும் முன்னால் வந்து நின்றாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஐயா ஆஸ்பத்திரியில இருக்காரு சார். வீட்டு வாசல்ல விழுந்த கிளைய வெட்டுறேன்னு காலையில செருப்புக் காலோட செயின்சாவத் தூக்கி, காலையும் சேர்த்து வெட்டிக்கிட்டாரு. பாதுகாப்பு விழாவை உங்களையே நடத்திடச் சொன்னாரு."