கதவுப்பிடியைத் தொடவிடாத மகளுக்கு

என் அருமை மகளும், குடும்ப மருத்துவப் பயிற்சியின் முதலாம் ஆண்டில் மாட்டிக்கொண்டு விழிப்பவளுமான டாக்டர் ஜோலீனுக்கு, அப்பா வெர்னன் பண்ணையிலிருந்து ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடுகள் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கவில்லை. பயிற்சி டாக்டருக்கு அப்படி ஒன்று கிடையாது என்று நீயே சொல்லிவிட்டாய். போன் போட்டால் எடுப்பதில்லை, ஆகவே எழுத்திலேயே தெரிவிக்கிறேன்: ஒமாஹாவுக்கு வந்து உன் கிளினிக்கில் உடம்பைக் காட்டமாட்டேன். மாட்டு டாக்டர் வந்து போகிறார், இந்தப் பண்ணைக்கு அது போதும்.

ஈஸ்டருக்கு லீவில் பிள்ளை வருகிறாள் என்று சந்தோஷப்பட்டோம். பயிற்சியைத் தாக்குப்பிடிக்க உன் சீனியர் சொன்ன யோசனைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவாய் என்று யார் கண்டது? சாப்பாட்டைக் கண்டால் விடாதே, மிச்சத்தைப் பையில் போடு என்றாளாம் அந்த மகராசி. அதற்காக, சர்ச் விருந்தில் பாதிரியார் ஜெபத்தை முடிக்குமுன்பே கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டியை வாயிலும் கோட்டுப் பையிலும் அடைப்பதா? கிடைத்த இடத்தில் தூங்கு என்றாளாம். பக்கத்துப் பண்ணை ஓட்டோவின் தோளில் சாய்ந்து பிரசங்கம் முழுக்கக் குறட்டை விட்டாய். நீ எழுந்ததும் அந்த மனுஷன் மரியாதைக்கு, “மழையே இல்லம்மா” என்றான். ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நோயாளி முன்னால் நிற்காதே, உட்கார்ந்து கேள் என்பது அடுத்த யோசனையாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, “அது உங்களுக்கு எப்படி இருக்கு அங்கிள்? வேற?” என்றாய். ஜென்மத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. பெண்டாட்டி அரிசோனாவுக்குப் போனதுவரை சொல்லித் தேம்பித் தேம்பி அழுதான். இப்போ தினம் வந்து நிக்கிறான். “ஜோலீன் இல்லையா? சரி, நீ உக்காரு வெர்னன், நீயாவது கேளு”ங்கறான். எனக்கு டிராக்டர் ரிப்பேர் தெரியும், அழுற ஆம்பளையை ரிப்பேர் பண்ணத் தெரியுமா?

வீட்டிலாவது நிம்மதி உண்டா? சொன்னதை நோயாளி வாயாலேயே திருப்பிச் சொல்லவை என்பது இன்னொரு யோசனையாம். “உப்பைக் குறைக்கணும்ப்பா. இப்ப நான் சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க.” “என் வாயில மண்ணைப் போடுங்கறே.” “கிட்டத்தட்ட சரிப்பா.” இதெல்லாம் ஒரு பேச்சா? எல்லாத்துக்கும் மேலே அந்தக் கதவு விவகாரம். நோயாளி அரை மணி நேரம் கண்டதையும் பேசுவான், நிஜமான சங்கதியைக் கிளம்பும்போது கதவுப்பிடியில கை வச்சிட்டுத்தான் சொல்லுவான்னு உன் சீனியர் சொல்லிக் குடுத்தாலும் குடுத்தா, நான் எந்தக் கதவைத் தொட்டாலும் பின்னாலேயே வந்து, “வேற ஏதாவது இருக்காப்பா?” தொழுவத்துக் கதவுல கேட்டே, பொறுத்துக்கிட்டேன். கக்கூஸ் கதவுலயுமா கேக்கறது? பெத்த அப்பனை வச்சா பாடம் படிக்கறது? எனக்கு ஒண்ணும் இல்லே, ஒண்ணும் இல்லே, ஆளை விடு தாயே!

உன் சீனியருக்கு என் கண்டனங்கள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, படுக்கையில் படுத்துத் தூங்கி, நல்ல டாக்டராகி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத அப்பா,
வெர்னன் குபிசெக்

பி.கு.: உறையை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். கதவுப்பிடியில் கை. பின்னாலிருந்து உன் அம்மா, “வேற ஏதாவது இருக்கா?” என்றாள். நீ சொல்லிக் கொடுத்ததுதானே! தீவன வாளியைத் தூக்கிட்டு நடந்தா பாதி வழியில நெஞ்சு மேல கன்னுக்குட்டி ஏறி உக்காந்த மாதிரி இருக்கு, நின்னா விட்டுடுது, இன்னிக்குக் காலையில நின்னும் சட்டுனு விடலேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவள் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு என்னை உட்காரவைத்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் ஒமாஹாவுக்குத்தான் வருமாம், அதனால் இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். மேலே எழுதியதில் ஒமாஹாவுக்கு வரமாட்டேன் என்பதை மட்டும் அடித்துவிடு. நான் வந்ததும் நின்னுக்கிட்டே பேசாதே ஜோலீன். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு.