குற்றம் போதாத தாமான்

மலாக்கா மாநிலத்தில் போலீஸுக்கே வேலையில்லாமல் செய்த ஒரே ஆள் எங்கள் ஓசிபிடி அக்காதான். ஓசிபிடி என்றால் மாவட்டப் போலீஸ் தலைவர். அக்கா பார்த்ததோ தோசை வியாபாரம். பாயா ரும்புட் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் ஒரு போலீஸ் பொண்டோக் உண்டு. ஓர் அறை, ஒரு காற்றாடி, ஒரு போலீஸ்காரர். அதை ஒட்டினாற்போல் அக்காவின் கடை. தன் சொந்தப் பெயரை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கும் இருந்ததில்லை.

பொருள் காணாமல் போனால் யாரும் பொண்டோக்குக்குப் போவதில்லை. நேராக அக்கா கடைக்குத்தான். கரண்டியைக் கீழே வைக்காமலேயே விசாரணையை முடித்துவிடுவார். சந்தேகத்துக்குரிய ஆள் வந்து உட்கார்ந்தால் தோசை வரும், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் வராது. அவ்வளவுதான். அக்கம்பக்கத்து மேசைகள் எல்லாம் அந்த வெறும் தோசையையே பார்க்கும். அக்காவின் தோசையைச் சம்பல் இல்லாமல் மனுஷன் சாப்பிட முடியாது என்பது வேறு விஷயம். சாயங்காலத்துக்குள் காணாமல் போன சமையல் கேஸ் தோம்பு சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்கும்.

ஒருநாள் லாரி ஓட்டும் மணியத்துக்குச் சம்பல் வரவில்லை. மனுஷன் வெளிறிப்போய்விட்டார்.

"அக்கா, அந்த ஏணிய நான்தான் எடுத்தேன். திருப்பிக் குடுத்துடுறேன்லா. சேவலும் நான்தான்."

"எந்தச் சேவல்?" என்றார் அக்கா.

"தெரியாதா? அப்பறம் ஏன் சம்பல் வைக்கல?"

"முடிஞ்சிபோச்சுடா. இப்பதான் அரைச்சிக்கிட்டு இருக்கேன்."

ஏணிக்கும் சேவலுக்கும் சொந்தக்காரர்கள் அன்றுதான் தங்களுக்கு நஷ்டம் என்பதையே தெரிந்துகொண்டார்கள். "எங்க தாமான்ல கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கலாம்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அக்கா பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பெருமைதான் ஒருநாள் விவகாரமாகிவிட்டது.

பொண்டோக்கில் இருந்த ஹக்கிம் கிளந்தான் மலாய்க்காரர். அக்கா கடையில் தமிழ் கற்றுக்கொண்டதால் அவருக்குப் பலகாரப் பெயர்களும் வசவுகளும் நன்றாக வரும். அன்று காலையில் தே தாரிக் டீயைக் குடிக்காமல் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, சீனி பத்தலையா?"

"அக்கா, பொண்டோக் மூடப் போறாங்க. இங்க கேஸே இல்லயாம். வேற எடத்துல ஆள் பத்தல. நான் கடல் தாண்டி சபாவுக்குப் போகணும்."

ஹக்கிமின் மனைவி மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் தாதி. நிறைமாதம் வேறு. கல்லில் கிடந்த தோசை கருகுகிற வரைக்கும் அக்கா அசையவில்லை. எல்லாத் திருட்டையும் கடையிலேயே தீர்த்துவைத்து, இந்தப் பிள்ளையின் வேலைக்கு உலை வைத்தது தான்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் கூடிப் பேசினோம். "யாராச்சும் எதையாச்சும் திருடுனா என்ன?" என்றார் மணியம், அனுபவஸ்தர். சம்பல் நின்றுவிடுமே என்று ஒருத்தரும் முன்வரவில்லை. பொய்ப் புகார் கொடுக்கலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன்.

"மொதல்ல ஒன்னையத்தான் உள்ள வைப்பாங்க. பேசாம சாப்பிடு" என்றார் அக்கா.

மறுநாள் முதல் அவர் விசாரணையை நிறுத்திக்கொண்டார். சுங்கை ஊடாங்கில் வேலை பார்க்கும் ஒருவர், ஹெல்மெட்டைக் காணோம் என்று ஓடிவந்தார்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா. பக்கத்துல போயி ரிப்போர்ட் பண்ணு."

எடுத்தவன் யார் என்று அக்காவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவன் எதிர் மேசையிலேயே உட்கார்ந்து சம்பலை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினார். அது வட்டமாக வரவில்லை.

கொஞ்ச நாளில் பொண்டோக்கில் வரிசை நின்றது. செருப்பு, பூந்தொட்டி, மாங்காய் என்று ஒன்று பாக்கியில்லை. ஹக்கிம் வேர்க்க விறுவிறுக்க அலைந்து பாதியைக் கண்டுபிடித்தும் விட்டார். எங்கள் தாமான் கெட்டுப்போய்விட்டதாகப் பாயா ரும்புட் முழுக்கப் பேச்சு. மூலைவீட்டு வாத்தியார் வாசலுக்கு இரட்டைப் பூட்டு போட்டார். உள்ளே திருடுவதற்கு என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் மலாக்கா டவுனிலிருந்து தமிழ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து கடையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இங்க திருட்டே கெடையாதுன்னு சொன்னாங்க. இப்ப என்ன இவ்ளோ கேஸ்? நீங்க பழைய ஆளு. உள்ளதச் சொல்லுங்க, எப்படி எடம் இது?"

தோசை தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அக்கா மட்டும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"திருட்டு எப்பவும் இருந்துச்சு சார். வெளிய தெரியல, அவ்ளோதான். போலீஸ் இல்லாட்டி இங்க ஒருத்தனையும் நம்ப முடியாது."

பொண்டோக் தப்பித்தது. ஹக்கிமுக்குத் துணையாக இன்னொரு போலீஸ்காரர் வந்தார். குழந்தையும் மலாக்காவிலேயே பிறந்தது. ஆனால் அன்று இன்ஸ்பெக்டரின் கார் திரும்பிப் போனதும் அக்கா எங்களிடம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மனசுல வச்சிக்காதீங்கடா."

"உண்மையத்தானக்கா சொன்னீங்க" என்றார் மணியம்.

அக்கா சிரித்துவிட்டார். எங்களைத் திருடர்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் உட்கார்ந்திருந்ததில்லை. அந்த அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.